ஒரே அலமாரியில் மாட்டிக்கொண்டவர்களுக்கு: பெங்களூரில் புதிய புத்தகம் தேடும் ஐந்து வழிகள்

அல்சூரில் ஒரு கூட்டம் முடிந்து காபிக்கு நின்றபோது ஒரு தம்பி கேட்டார்: “அண்ணா, பத்து வருஷமா சரித்திர நாவலாத்தான் படிக்கிறேன். அலுத்துப்போச்சு. கடைக்குப் போனாலும் கை தானா அந்தப் பக்கமே போகுது. வேற எதை எடுக்கிறதுன்னு தெரியல.” அதே வாரம் எங்கள் அடுக்ககத்து அக்கா ஒருவர் இதையே தலைகீழாகக் கேட்டார். வேலைக்காக நிர்வாகம், சுயமுன்னேற்றம் என்று ஆங்கிலத்தில் படித்துப் படித்து, கதை என்று ஒன்றைத் தொட்டே ஐந்து வருடம் ஆகிவிட்டதாம். தமிழில் ஏதாவது படிக்க வேண்டும், இந்த ஊரில் எங்கே போய்த் தேடுவது என்றார்.

இரண்டு பேருக்கும் ஒரே சிக்கல்தான். தாமாகப் போய் எடுக்கவே மாட்டாத ஒரு புத்தகம் அவர்கள் கைக்கு வந்து சேர வேண்டும். அதற்கு நூலகமா, பழைய புத்தகக் கடையா, புத்தகக் காட்சியா, தெரிந்தவர்களிடம் கேட்பதா, இணையமா? பெங்களூரில் பல வருடம் எல்லாவற்றிலும் காசையும் நேரத்தையும் விட்டவன் என்ற தகுதியில் ஒப்பிட்டுச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை. கடைசியாகப் படித்த 20 புத்தகங்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக நான்கு குறிப்பு: என்ன வகை, எப்போது எழுதப்பட்டது, மூலமொழி எது, எழுதியவர் ஆணா பெண்ணா. நான் எழுதிப் பார்த்தபோது 13 நாவல்கள் வந்தன. 17 பேர் ஆண்கள். அறிவியல் ஒன்றுகூட இல்லை. தமிழும் ஆங்கிலமும் தவிர வேறு மொழியிலிருந்து வந்தது ஒன்றே ஒன்று, அதுவும் யாரோ பரிசாகக் கொடுத்தது. நான் எல்லாம் படிக்கிறவன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்! உங்கள் தாளில் எந்தக் கட்டம் காலியாக இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் கீழே உள்ளவற்றில் எது உங்களுக்கு என்பது மாறும்.

## எதை வைத்து எடைபோடுவது

நான்கு அளவுகோல் போதும்.

தேடாதது கண்ணில் படுமா என்பது முதலாவது. பெயர் தெரிந்த புத்தகத்தை வாங்க இன்று ஒரு வழிக்குப் பத்து வழி இருக்கிறது. பெயரே தெரியாததைச் சந்திக்கத்தான் வழி குறைவு. புனைவில் மட்டுமல்லாமல் கட்டுரை, வாழ்க்கை வரலாறு, அறிவியல், பயணம் என்று அல்புனைவிலும் இது நடக்க வேண்டும்.

இரண்டாவது, தவறாக எடுத்தால் எவ்வளவு நஷ்டம். இதற்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன். பழக்கமில்லாத வகையில் இறங்குகிறவர் நாலு தப்பான புத்தகம் எடுத்துத்தான் ஐந்தாவதாக ஒரு சரியானதை எடுப்பார். 400 ரூபாய் கொடுத்து வாங்கியதை 30ஆம் பக்கத்தில் மூடிவைக்க மனசு வராது. மூடினாலும் அலமாரியிலிருந்து அது முறைத்துக்கொண்டே இருக்கும். இரவல் வாங்கியதை மூடித் திருப்பிக் கொடுத்தால் கதை முடிந்தது.

மூன்றாவது, தமிழ் கிடைக்குமா. சென்னையிலோ மதுரையிலோ இருப்பவர்கள் இதைக் கேட்கவே வேண்டாம். நாம் கேட்டாக வேண்டும்.

நான்காவது, அலைச்சல். இதில் நமக்கு ஒரு சின்ன அதிர்ஷ்டம் உண்டு. மெட்ரோவின் ஊதா வழித்தடத்தைப் புத்தக வழித்தடம் என்றே சொல்லலாம். ஹலசூரு (நம் அல்சூர்தான்) நிலையத்தில் இறங்கினால் ஆட்டோ தூரத்தில் ஏரிக்கரையோரம் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம். எம்.ஜி. ரோட்டில் சர்ச் தெருக் கடைகள். கப்பன் பார்க்கில் மாநில மத்திய நூலகம். சென்ட்ரல் காலேஜ் பெயரைத் தாங்கிய விஸ்வேஸ்வரய்யா நிலையத்துக்குப் பக்கத்தில் சாகித்திய அகாதெமியின் மண்டல அலுவலகம். மெஜஸ்டிக்கில் இறங்கினால் காந்திநகர் சப்னா புத்தகக் கடை. 2023 அக்டோபரில் இந்தத் தடம் ஒயிட்ஃபீல்டு வரை முழுசாக ஓட ஆரம்பித்த பிறகு, ‘டிராஃபிக்’ என்ற நம் ஊர்ச் சாக்கு பாதி செத்துவிட்டது.

அவசரக்காரர்களுக்கு ஒரு அட்டவணை:

| வழி | தேடாதது கிடைக்குமா | தவறினால் நஷ்டம் | தமிழ் | அலைச்சல் |
|---|---|---|---|---|
| நூலகம் | நிறைய | ஏறக்குறைய இல்லை | இடத்தைப் பொறுத்து | நடுத்தரம் |
| பழைய புத்தகக் கடை | மிக நிறைய | குறைவு | அரிது | அரை நாள் |
| புத்தகக் காட்சி | நிறைய | அதிகம் | பெருவிருந்து | ஒன்றிரண்டு நாள் |
| மனிதர்கள் | ஆளைப் பொறுத்து | காசு இல்லை, முகதாட்சண்யம் உண்டு | உண்டு | இல்லை |
| இணையம், செயலி | குறைவு | மாதிரி படித்தால் குறைவு | உண்டு, சிதறிக் கிடக்கும் | இல்லை |

## நூலகம்

சீர்காழியில் பிறந்து, கணக்கு வாத்தியாராக வேலை பார்த்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் கடைசிக் காலத்தைக் கழித்தது இந்த ஊரில்தான். நூலகர்களையும் ஆய்வாளர்களையும் பயிற்றுவிக்க 1962இல் இங்கே ஒரு மையத்தைத் தொடங்கினார். 1972இல் இங்கேயே காலமானார். 1931இல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் இரண்டு நம் கேள்விக்கு நேராக வருகின்றன: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். இந்த இரண்டாவதற்காகத்தான் அவர் திறந்த அலமாரியை வலியுறுத்தினார். புத்தகம் உள்ளே பூட்டியிருந்து, சீட்டு எழுதிக் கொடுத்து வாங்குகிற முறையில், பெயர் தெரிந்த புத்தகம் மட்டும்தான் வெளியே வரும். வாசகர் தானே அலமாரிகளுக்கு நடுவே நடந்தால்தான் கேட்கத் தெரியாத புத்தகம் கையைப் பிடித்து இழுக்கும்.

எனவே நூலகத்தில் செய்ய வேண்டியது நடப்பதுதான். துறைக்கு ஒரு எண் கொடுக்கும் டியூயி எண்முறையில் அடுக்கியிருக்கும் இடமாக இருந்தால் இன்னும் சௌகரியம். 500களில் அறிவியல், அதில் 580 பக்கம் செடிகொடி, 590 பக்கம் விலங்குகள். 630களில் வேளாண்மை, கொஞ்சம் தள்ளி 641இல் சமையலும் உணவும். 910இல் பயணம், 920இல் வாழ்க்கை வரலாறு. தமிழ் இலக்கியத்துக்கு 894.811. நம்மில் பலர் இந்தக் கடைசி எண்ணுக்கு முன்னால் நின்றே வாழ்நாளைக் கழித்துவிடுகிறோம். என் வழக்கம் இது: ஒவ்வொரு முறையும் இரண்டு புத்தகம் எடுப்பேன். ஒன்று ஆசைக்கு. இன்னொன்று இதுவரை நிற்காத ஒரு அலமாரியிலிருந்து, பின்னட்டையைப் படிக்காமல், நடுவில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து படித்து. பின்னட்டையில் எல்லாப் புத்தகமும் மகத்தானதுதான். 83ஆம் பக்கம் பொய் சொல்லாது.

எங்கே போவது? கப்பன் பூங்காவின் சிவப்புக் கட்டடம், அதாவது மைசூர் திவானாக இருந்த சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபம், ஒருமுறையாவது பார்க்க வேண்டிய இடம். மாநில மத்திய நூலகம் அங்கேதான். கன்னடம் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது கடல், ஆங்கிலத்துக்கும் பரவாயில்லை. பிள்ளைகளை அழைத்துப்போனால் அதே பூங்காவில் இந்திரா பிரியதர்சினி சிறுவர் நூலகமும் உண்டு. தமிழுக்கு அல்சூர்த் தமிழ்ச் சங்க நூலகத்துக்குத்தான் வர வேண்டும். பழைய தமிழ்க் குடும்பங்கள் கொடுத்துவிட்டுப்போன புத்தகங்கள் இப்படிப்பட்ட நூலகங்களில் கலந்திருக்கும். இன்று அச்சில் இல்லாத பயண நூலோ, நேஷனல் புக் டிரஸ்ட் முன்பு போட்ட அறிவியல் நூலோ, வங்காளத்திலிருந்தும் மலையாளத்திலிருந்தும் வந்த பழைய மொழிபெயர்ப்போ அப்படித்தான் கிடைக்கும். எந்த இணையப் பட்டியலும் இவற்றை உங்களுக்குக் காட்டப்போவதில்லை.

மறைமுகச் செலவு என்ன? நேரம்தான். ஒரு கிளை நூலகத்துக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். கதவில் ‘இருப்புக் கணக்கெடுப்பு’ என்று ஒரு தாள் தொங்கியது. இன்னொரு முறை உள்ளே போக முடிந்தது, உட்கார இடமில்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் எல்லா மேஜையையும் பிடித்திருந்தார்கள் (பாவம், அவர்களுக்கும் வேறு இடம் ஏது). புதிய புத்தகங்கள் வந்துசேரத் தாமதமாகும். தமிழ் அலமாரியில் குடும்ப நாவல்கள் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். அல்புனைவைக் குனிந்துதான் தேட வேண்டும், பெரும்பாலும் கீழ்த்தட்டில் கிடக்கும்.

ஆனால் காசு? கர்நாடகத்தில் சொத்து வரியோடு அதில் 6% நூலக வரியும் சேர்த்தே வசூலிக்கிறார்கள். வீட்டுக்காரர் கட்டினாலும் அது நம் வாடகையிலிருந்து போனதுதான். ஏற்கெனவே பணம் கட்டிய கடைக்குள் போகாமலேயே வெளியே நிற்கிறோம். வகை மாறிப் படிக்க நினைக்கிறவர்கள், ஓய்வு பெற்றவர்கள், வீட்டில் இனி புத்தகம் வைக்க இடமில்லாதவர்கள் ஆகியோருக்கு என் முதல் ஓட்டு இதற்குத்தான்.

## பழைய புத்தகக் கடை

சர்ச் தெருவில் மழை பெய்யும் ஒரு சனிக்கிழமை மத்தியானம் போய்ப் பாருங்கள். பிளாசம், புக்வோர்ம், கூபேஸ் என்று நூறடிக்கு ஒரு கடை. பிரிகேட் ரோட்டை ஒட்டிய சந்துக்குள் 1945இலிருந்து இருக்கும் செலெக்ட். பழையதும் புதியதும் கலந்து அடுக்கியிருப்பார்கள். இந்தக் கடைகளின் பெரிய பலமே அங்கே வந்துசேரும் புத்தகங்களை யாரும் திட்டமிட்டு வாங்கவில்லை என்பதுதான். ஒரு ஓய்வுபெற்ற விஞ்ஞானியின் வீடு காலியாகிறது, ஒரு ராணுவ அதிகாரியின் மகன் வெளிநாடு போகிறார், அவர்களுடைய முழு வாழ்க்கையும் மூட்டையாக வந்து இறங்குகிறது. பெங்களூர் என்ற ஊரில் என்னென்ன மனிதர்கள் வாழ்ந்தார்களோ அத்தனை துறையும் அங்கே இருக்கும். பூச்சியியல், ரயில் வரலாறு, தேயிலைத் தோட்டத்து நினைவுக் குறிப்புகள், மலையேற்றம் எல்லாம் கலந்து வரும். ஆங்கில அல்புனைவுக்கு இதைவிடச் சிறந்த இடம் இந்த ஊரில் இல்லை என்பேன்.

ஒரு தந்திரம் உண்டு. அலமாரியைவிடத் தரையைப் பாருங்கள். இன்னும் பிரிக்காத, வகைப்படுத்தாத கட்டுகள் தரையிலும் படிக்கட்டு ஓரத்திலும் இருக்கும். வகை பிரித்த பிறகு நாம் மறுபடியும் நம் வகைக்கு முன்னால் போய் நின்றுவிடுவோம். பிரிப்பதற்கு முன் எல்லாம் ஒன்றுதான்.

பழைய பெங்களூர்க்காரர்கள் இந்த இடத்தில் பிரீமியர் கடையை நினைத்துக்கொள்வார்கள். டி. எஸ். ஷான்பாக் நடத்தியது. சுவர் உயரத்துக்குக் குவியல் குவியலாகப் புத்தகம், அதில் எது எங்கே இருக்கிறது என்பது அவருக்கு மட்டும் தெரியும். 2009இல் கடை மூடிவிட்டது. அவர் இடத்தில் சர்ச் தெருவில் இன்றும் சில கடைக்காரர்கள் இருக்கிறார்கள். நாலு முறை போய் முகம் பழகிவிட்டால் ‘நீங்க போன தடவை எடுத்துட்டுப் போனீங்களே’ என்று ஆரம்பித்து உங்கள் கையில் ஏதாவது ஒன்றைத் திணிப்பார்கள்.

குறை என்றால் தமிழ்தான். ஆங்கிலமும் கன்னடமும் ராஜ்ஜியம் நடத்தும் இடத்தில் தமிழுக்கு ஒரு மூலை, சில கடைகளில் அதுவும் இல்லை. தமிழ் உட்பட இந்திய மொழி நூல்களை வைத்துக்கொள்வதற்கென்றே ‘அட்டகலாட்டா’ என்று ஒரு கடை நகரில் இருக்கிறது. அங்கே பழைய புத்தக விலையை எதிர்பார்த்துப் போகாதீர்கள், புதியவைதான். அவென்யூ ரோடு பாடப்புத்தகக்காரர்களின் கோட்டை, வேறு எதையாவது தேடிப் போனால் பொறுமை வேண்டும்.

இன்னொரு செலவு, மலிவே தரும் மயக்கம். 120 ரூபாய்தானே என்று எடுத்து எடுத்து, வீடு மாறும்போது அட்டைப்பெட்டி ஒவ்வொன்றுக்கும் கூலி கொடுக்கும்போதுதான் கணக்கு தெரியும். கடந்த முறை மாறியபோது லாரிக்காரர் என் பெட்டிகளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஸ்வல்ப எக்ஸ்ட்ரா ஆகத்தே சார்” (கொஞ்சம் கூடுதலாகும் சார்) என்றார். நியாயம்தான்.

ஆங்கிலம் சரளமாக வரும், தூசி ஒத்துக்கொள்ளும், அரை நாள் கையில் இருக்கிறது என்பவருக்கு இந்த வழி. 300 ரூபாய் என்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டு உள்ளே போவது நல்லது.

## புத்தகக் காட்சி

தமிழ் வாசகருக்கு இதற்கு மாற்று இல்லை, அதே நேரம் பையைக் காலி பண்ணுவதும் இதுதான்.

1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி ஒவ்வொரு வருடமும் பொங்கலை ஒட்டி, இப்போது நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கிறது. நூற்றுக்கணக்கான அரங்குகள், பில்லில் 10% கழிவு. பெங்களூரிலிருந்து 360 கிலோமீட்டர், ரயிலில் ஐந்தாறு மணி நேரம். ஒரு கணக்குப் போடுவோம். போய்வரவும் சாப்பிடவும் 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 10% கழிவில் அதை மீட்க 15,000 ரூபாய்க்குப் புத்தகம் வாங்க வேண்டும். ஆக, கழிவுக்காகப் போவதில் அர்த்தமே இல்லை. அங்கே போவது பதிப்பகங்களின் முகத்தைப் பார்க்கத்தான்.

அந்த முகம் முக்கியம். வகை தேடுகிறவருக்கு எழுத்தாளர் பெயரைவிடப் பதிப்பகத்தின் குணம் சீக்கிரம் வழிகாட்டும். பாரதி புத்தகாலயத்தில் அறிவியலும் சிறார் நூல்களும் நிறைய. பொள்ளாச்சிக்காரர்களான எதிர் வெளியீட்டில் மொழிபெயர்ப்பு தூக்கல். கிழக்கில் வரலாறு, அரசியல், வாழ்க்கை வரலாறு. காலச்சுவடில் நவீன இலக்கியத்தோடு பழைய செவ்வியல் நாவல்களின் மறுபதிப்பு. சாகித்திய அகாதெமியும் நேஷனல் புக் டிரஸ்டும் மற்ற இந்திய மொழிகளைச் சல்லிசான விலைக்குத் தமிழில் தருகிறார்கள். அங்கே அட்டையின் அழகை எதிர்பார்க்கக் கூடாது. ஒரு மாலை முழுக்க எதையும் வாங்காமல் பத்து அரங்குகளில் விலைப்பட்டியலை மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள். பைசா செலவில்லாத அந்தப் பட்டியல்கள் ஒரு வருடத்துக்குத் தேடலுக்கு உதவும். அடுத்த மாதங்களில் வேண்டியதை அஞ்சலில் வரவழைத்துக்கொள்ளலாம்.

இதைச் சொல்கிற நான் அப்படிச் செய்தேனா? ஒரு வருடம் 23 புத்தகம் வாங்கினேன். சென்ட்ரலில் பையின் வார் அறுந்து, நடைமேடையில் குந்தி உட்கார்ந்து பொறுக்கினேன். அவற்றில் 11 இன்னும் பிரிக்கப்படவில்லை. கூட்டத்தின் உற்சாகத்தில் வாங்கியது வீட்டுக்கு வந்ததும் வேறு யாரோ வாங்கியதுபோல் தெரிகிறது.

சென்னை வரை போக முடியாதவர்களுக்கு ஓசூர் புத்தகத் திருவிழா 40 கிலோமீட்டரில். நகருக்குள்ளேயே 2022 டிசம்பரில் தமிழ்ப் புத்தகத் திருவிழா ஒன்றும் தொடங்கியது. அளவில் சின்னது. எனக்கு அதுவே பிடித்திருக்கிறது, ஒவ்வொரு அரங்கிலும் நின்று பேச முடிகிறது. வருடத்துக்கு ஒரு முறை மொத்தமாக வாங்குகிறவர்கள், தமிழில் மட்டும் படிக்கிறவர்கள், பதிப்புலகம் பழக்கமே இல்லாதவர்கள் ஆகியோருக்குப் புத்தகக் காட்சிதான் சரி. மாதாமாதம் புதிதாக ஏதாவது தேடுகிறவருக்கு இது போதாது, பதினொரு மாதம் காத்திருக்க வேண்டும்.

## மனிதர்கள்

ஒரு சரியான ஆள் கிடைத்தால் மற்ற நான்கு வழியும் வேண்டாம். கிடைப்பதுதான் கஷ்டம்.

பெரும்பாலோர் கேட்கும் கேள்வியே தப்பு. “நல்ல புத்தகம் ஏதாவது சொல்லுங்க” என்றால் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்த அதே ஏழெட்டுப் பெயரைத்தான் சொல்வார்கள். தன் மதிப்பைக் காப்பாற்றிக்கொள்ளும் பதில் அது. மாறாக, “பிடிக்காதுன்னு நினைச்சு எடுத்து, கடைசியில பிடிச்சுப்போனது எது?” என்று கேட்டுப் பாருங்கள். ஒரு நிமிடம் யோசிப்பார்கள், அப்புறம் வருவது நீங்கள் கேள்விப்படாத பெயராக இருக்கும். இன்னொரு கேள்வி, தொழில்காரர்களிடம் கேட்க வேண்டியது: “உங்க வேலையைப் பத்தி வெளியாள் படிக்கிற மாதிரி ஒரு புத்தகம் எது?” பல் மருத்துவரிடம் கேட்டிருக்கிறேன், தண்ணீர் வாரியத்தில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறேன். அல்புனைவுக்கு இதைவிட நல்ல சல்லடை எனக்குத் தெரியாது. இலக்கியக்காரர்களிடம் கேட்டால் இலக்கியம் மட்டும்தான் வரும், அதிலும் அவரவர் முகாமின் பட்டியல்தான் வரும். தமிழில் எந்த முகாம் எந்தப் பெயரைச் சொல்லாது என்பதைத் தெரிந்துகொள்ளவே தனியாக ஒரு வாசிப்பு வேண்டும்!

பேச்சே வேண்டாம் என்பவர்களுக்கும் இந்த ஊரில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. சனிக்கிழமைகளில் கப்பன் பூங்காவில் ‘கப்பன் ரீட்ஸ்’ என்று ஒரு கூட்டம் மரத்தடியில் பாய் விரித்து, ஆளுக்கொரு புத்தகத்தோடு மௌனமாக உட்கார்ந்திருக்கும். யாரும் எதையும் விவாதிப்பதில்லை. நான் போவது அட்டைகளை ஓரக்கண்ணால் பார்க்கத்தான். 20 பாய் நடந்தால் 20 வகை. பெரும்பாலும் ஆங்கிலம், இடையிடையே கன்னடம், நாம் போனால் தமிழ்.

விருதுப் பட்டியல்களும் ஒருவகையில் மனிதர்கள் சொல்வதுதான். சாகித்திய அகாதெமி 24 மொழிகளுக்கு விருது கொடுக்கிறது. மற்ற 23 மொழிகளில் யார் வாங்கினார்கள் என்று நாம் பார்ப்பதே இல்லை. 2025இல் பானு முஷ்தாக்கின் கன்னடச் சிறுகதைகள் சர்வதேச புக்கர் பெற்ற பிறகுதான், இந்த ஊரில் முப்பது வருடம் குடியிருக்கும் தமிழர்களில் சிலர் கன்னடக் கதை என்று ஒன்று இருப்பதையே கவனித்தார்கள். விருதுகள் இலக்கியத்தின் பக்கம் சாய்ந்தவை, அறிவியலுக்கும் பயணத்துக்கும் அவற்றை நம்ப வேண்டாம்.

மறைமுகச் செலவு முகதாட்சண்யம். ஒருவர் தன் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டால் படித்தாக வேண்டும், பிடித்ததுபோல் பேசியாக வேண்டும். ஒரு பெரியவர் கொடுத்த 900 பக்கத் தன்வரலாற்றை எட்டு மாதம் வைத்திருந்தேன். அவர் வரும் தெருவைத் தவிர்த்தேன். கடைசியில் திருப்பிக் கொடுத்தபோது, “நானும் முடிக்கல தம்பி, நீங்களாவது முடிப்பீங்கன்னு பார்த்தேன்” என்றார்.

## இணையமும் செயலிகளும்

‘இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்’ என்பதன் சூட்சுமம் எளிது. உங்களைப் போல வாங்கியவர்களைக் கண்டுபிடித்து, அவர்கள் வாங்கியதை உங்களிடம் நீட்டுகிறது. அதாவது உங்களை உங்களிடமே திருப்பி அனுப்புகிறது. சரித்திர நாவல் தம்பிக்கு இது இன்னும் பத்து சரித்திர நாவலைக் காட்டும், அவ்வளவுதான். நான் ஒரு இணையக் கடையில் உறவுக்காரப் பெண்ணுக்காகக் கர்ப்பகால உணவு பற்றி ஒரு புத்தகம் வாங்கினேன். அடுத்த ஆறு மாதம் எனக்குக் குழந்தைப் பெயர்ப் புத்தகங்களாகவே வந்துகொண்டிருந்தன.

தமிழில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. ஒரே புத்தகம் தமிழ் எழுத்தில் ஒரு பதிவாக, ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் வேறு பதிவுகளாகச் சிதறிக் கிடக்கும். குட்ரீட்ஸ் போன்ற தளங்களில் மதிப்பீடுகளும் அப்படியே பிரிந்துபோகும். நாலு பேர் போட்ட ஐந்து நட்சத்திரத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, அதில் இரண்டு பேர் எழுத்தாளரின் நண்பர்களாக இருப்பார்கள்.

தேடலுக்கு உதவாத இணையம், வேறு இரண்டு விஷயத்தில் கில்லாடி. முதலாவது, சோதித்துப் பார்ப்பது. மின்னூலின் மாதிரிப் பக்கங்களை இலவசமாகப் படிக்கலாம். அமேசானின் மின்னூல் சேவையான கிண்டிலில் தமிழ் 2016 கடைசியில் வந்தது. அதிலிருந்து என் வழக்கம், சர்ச் தெருவிலோ நண்பரிடமோ ஒரு பெயரைக் கேட்டால் மாதிரியை இறக்கி ஒரு மெட்ரோ பயணத்தில் பார்த்துவிடுவது. மாதச் சந்தாவில் அளவில்லாமல் படிக்கும் திட்டமும் உண்டு. சந்தா நின்றால் புத்தகமும் போகும் என்பதை மறந்துவிடக் கூடாது, தரத்தில் மேடுபள்ளமும் ஜாஸ்தி.

இரண்டாவது, பழைய புத்தகம். 1998 பொங்கலுக்குத் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளம் ஆகிய மூன்றும் இலவசம், சட்டப்படியானவை. தமிழ்நாட்டு அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்தாளர்களின் நூல்கள் பல இப்படிக் கிடைக்கின்றன. நூறு வருடத்துக்கு முந்தைய தமிழர் ரங்கூனுக்கோ காசிக்கோ போய்வந்து எழுதியது எப்படி இருக்கும் என்று பார்க்க ஒரு பைசா செலவில்லை. வாட்ஸப்பில் சுற்றும் திருட்டு பி.டி.எஃப். கோப்புகளை நான் சேர்க்கவில்லை. 500 பிரதி விற்றாலே பெரிய விஷயம் என்று ஓடும் சின்னப் பதிப்பகங்களின் வயிற்றில் அடிப்பது அது.

ஒலிநூல் பற்றி இரண்டு வரி: சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் நிற்கும் நேரத்துக்கு நல்லது. வாழ்க்கை வரலாறும் துப்பறியும் கதையும் காதுக்கு ஏற்றவை, கவிதையும் அடிக்குறிப்பு நிறைந்த வரலாறும் ஒத்துவராது. தமிழில் நாட்டுடைமையான பழைய நாவல்களையே ஆளாளுக்குப் படித்துப் போட்டிருப்பதால் வகை குறைவு.

## அந்த இரண்டு பேருக்கு என்ன சொன்னேன்

அக்காவுக்கு நாவல் வேண்டாம் என்றேன். ஐந்து வருட இடைவெளிக்குப் பிறகு 400 பக்கம் மலைப்பாகத் தெரியும். மாரத்தஹள்ளியில் வேலை, வார நாளில் நகர மாட்டார், ஆகவே அவருக்கு மின்னூல் மாதிரிகள். பெண்கள் எழுதிய சிறுகதைத் தொகுப்புகளாக ஐந்து மாதிரி இறக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு கதை. பிடித்த ஒன்றை மட்டும் காகிதத்தில் வாங்கலாம். டிசம்பர் திருவிழாவுக்குள் அவருக்கே என்ன வேண்டும் என்று தெரிந்துவிடும், அப்போது அரங்குகளில் திணற மாட்டார்.

தம்பிக்கு நூலகம். சரித்திர நாவலைத் திடீரென்று விட்டுவிட்டு வேதியியலுக்குத் தாவச் சொன்னால் நடக்காது. பக்கத்து வீட்டுக்குப் போகச் சொன்னேன். அரசர் கதையிலிருந்து அந்த அரசர் வெட்டிய கல்வெட்டு, அதிலிருந்து அது சொல்லும் ஏரியும் மதகும், அதிலிருந்து மண், பயிர், சாப்பாடு. நாலு தாவலில் அறிவியல் அலமாரிக்கே வந்துவிடலாம். வாங்காதே, இரவல் எடு, 40 பக்கத்தில் பிடிக்கவில்லையென்றால் வெட்கப்படாமல் திருப்பிக் கொடு என்றேன்.

முதல் தடவை பாசன வரலாறு பற்றித் தடியாக ஒன்றை எடுத்துப்போய், சரியாக 40ஆம் பக்கத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார். திருப்பப் போன இடத்தில் அதே தட்டில் யானைகளுக்கு வைத்தியம் பார்ப்பதைப் பற்றி ஒரு பழைய, அட்டை கிழிந்த புத்தகம் இருந்ததாம். தவணை இரண்டு முறை நீட்டியாகிவிட்டது. போன ஞாயிறு பார்த்தபோது யானைக்கு வயிற்றுவலி வந்தால் என்ன கொடுப்பார்கள் என்று இருபது நிமிடம் சொன்னார்.